மகளின் காலுக்கு ஒரு பைண்டிங்

1

அன்று அந்த நிலவறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மகள் பெனிட்டா. வீட்டுக்கார அம்மா, அவர் பெயரை இங்கே ஹில்டா என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அவருடைய கணவர், வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு வெகுநேரம் வாய் திறக்காதவர். மொத்தம் நான்கு பேர். ஒரு நாயும் இருந்தது, ஆனால் அது படிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது, கீழே இறங்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், நன்றாக யோசித்துச் சொல், வேறு யாருமே இல்லையா என்று. வேறு யாரும் இல்லை. சுவரோரம் காலணி உலர்த்தும் மெஷினில் ஒரு ஜோடி ஸ்கீ பூட்ஸ் கவிழ்த்து மாட்டியிருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் அந்த பூட்ஸ் சூடாக இருந்தது. நான் வேண்டுமென்று தொடவில்லை. குறுகலான இடம், படி முடிகிற இடத்தில் கால் தடுக்கி, பிடிமானம் தேடிய கை அதன்மேல் பட்டது. யாரோ இப்போதுதான் காலை வெளியே எடுத்தது போன்ற வெதுவெதுப்பு. இந்த வீட்டுப் பெண் எங்கேயோ வெளியே போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன், எதற்கு அந்த நிலவறைக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் ஃபிட்டருக்கு ஹெல்ப்பராகச் சேர்ந்து, பிறகு நானே ஃபிட்டர் ஆனேன். ஸ்டெல்லா மணவாள நகர்க்காரி, நர்ஸ் படிப்பு முடித்தவள். ஆஸ்திரியாவில் மலைக்கு நடுவே உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் விசாவில் தொங்கிக்கொண்டு நானும் பெனிட்டாவும் வந்தோம். அப்போது பெனிட்டாவுக்கு ஏழு வயது. இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. நான் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். மெஷின்தான் துவைக்கிறது, நான் அதற்குக் காவல்.

ஸ்டெல்லாவுக்கு இங்கே மரியாதை உண்டு. பெனிட்டாவுக்கு சிநேகிதர்கள் உண்டு. எனக்குப் பயம் உண்டு. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற அலுவலகத்தில் பயம், ஜெர்மன் பரீட்சையில் பயம். அதில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை பரீட்சை வைத்த அம்மா, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றபோது, மகள் தினமும் மலையிலிருந்து விழுகிறாள் என்று சொல்லிவிட்டேன். சறுக்குகிறாள் என்று சொல்ல நினைத்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்படியோ பாஸ் போட்டார்.

பெனிட்டா இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற ஜெர்மனை அவர்களைப் போலவே பேசுகிறாள். தமிழ் என்றால் அவளுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் மட்டும்தான். ஆந்திர எல்லைப் பேச்சு, என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த வருஷம் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடப் போகிறாள். அது வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை அவள் நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி சொன்னாள்.

இங்கே மலை ஏற லிஃப்ட் உண்டு. கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்தால் உச்சியில் இறக்கிவிடும், அங்கிருந்து சறுக்கி வரலாம். அதற்கே நான் ஜெபம் பண்ணுவேன். போன குளிர்காலத்தில் பெனிட்டா, லிஃப்ட் இல்லாத மலைக்கு சிநேகிதர்களோடு போகப்போகிறேன் என்றாள். ஸ்கீ என்கிற சறுக்குப்பலகையின் அடியில் ரோமத்துணி ஒட்டிக்கொண்டு நடந்தே ஏறுவார்களாம். உச்சியில் துணியை உரித்துவிட்டு, யாரும் கால் வைக்காத பனியில் இறங்குவார்களாம். யாரும் ஏன் கால் வைக்கவில்லை என்று அவர்கள் யோசிப்பதில்லை போலிருக்கிறது.

"லிஃப்ட் கீற எடத்துலயே போவக்கூடாதா?" என்று கேட்டேன்.

"பேஜார் பண்ணாத நைனா. நீ நல்ல பைண்டிங்கா வாங்கிக் குடு, போதும்."

அப்படித்தான் என் தலையில் இந்த பைண்டிங் வந்து விழுந்தது. பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கிதான் பைண்டிங். லிஃப்டில் போகிறவர்களுக்கு அது இரண்டு வேலை செய்யும், பிடிக்கும், விழுந்தால் விடும். மலை ஏறுகிறவர்களுக்கு அது மூன்று வேலை செய்ய வேண்டும். ஏறும்போது குதிகாலை விட வேண்டும், அப்போதுதான் நடக்க முடியும். இறங்கும்போது குதிகாலைப் பிடிக்க வேண்டும். விழும்போது முழுசாக விட்டுவிட வேண்டும். இந்த மூன்றாவதுதான் என் மண்டைக்குள் ஏறவில்லை.

கடையில் மூன்று ஜாதி பைண்டிங் காட்டினார்கள். ஒன்று சட்டம் வைத்தது: பூட்ஸைச் சட்டத்தில் பூட்டி, ஏறும்போது சட்டத்தோடு தூக்குவது. கனம். எனக்கு அதுதான் பிடித்தது, பார்த்தாலே ஒரு மெஷின் மாதிரி இருந்தது. பெனிட்டா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி கீது, நீ தூக்கிக்கினு ஏறு" என்றாள். இன்னொன்று ஊசி மாதிரிப் ‘பின்’ வைத்தது. முன்பக்கம் இரண்டு இரும்புப் பல், பூட்ஸின் மூக்கை இரண்டு பக்கமும் கடித்துக்கொள்ளும். எலிப்பொறி மாதிரி, மிதித்ததும் டப்பென்று மூடும். மூன்றாவது இதே பின் வைத்ததிலேயே மிகவும் லேசானது. அதில் பிரேக் கிடையாது, ஸ்கீ ஓடிப்போகாமல் இருக்க ஒரு கயிற்றால் காலோடு கட்டிக்கொள்ள வேண்டும். பனிச்சரிவு வந்தால் அந்தக் கயிறு என்ன ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர், தாடி வைத்த பையன், கொஞ்சம் தயங்கி, ஸ்கீ நங்கூரம் மாதிரி கீழே இழுக்கும் என்றார். அதை அப்படியே வைத்துவிடச் சொன்னேன்.

கழலவே கழலாத பைண்டிங் ஒன்று காட்டுங்கள் என்று கேட்டேன். அப்படியானால் ஆணி அடித்துவிட வேண்டியதுதான் என்றார் அவர். பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எவ்வளவு பலமாக இழுத்தால் கழல வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டாம். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், பயந்து சறுக்குகிறவரா துணிந்து சறுக்குகிறவரா, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எண் வரும். எண் ஏற ஏறப் பிடி இறுகும். நான் பெனிட்டாவின் எடையில் ஆறு கிலோ கூட்டி எழுதினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"நான் இன்னா அவ்ளோ குண்டாவா கீறேன்?"

திருத்தி எழுதியதில் ஐந்தரை வந்தது. ஐந்தரை. எனக்கு அது பரீட்சையில் தோற்ற மதிப்பெண் மாதிரி இருந்தது. பிரேக் உள்ள பின் பைண்டிங், பொருத்துகிற கூலியோடு நானூற்று அறுபத்தெட்டு யூரோ. ஸ்கீ தனி. வெளியே வந்ததும் பெனிட்டாவே, பழசு பார்க்கலாம் நைனா என்றாள். ஸ்டெல்லா வேலை செய்கிற முதியோர் இல்லத்து அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்ததாம். பெண்களுக்கான மலையேற்ற ஸ்கீ, பைண்டிங்கோடு, நூற்றைம்பது யூரோ.

3

ஹில்டா அம்மாவுக்குப் பெனிட்டாவைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் உயரத்தைக் கையால் அளப்பது போல் காற்றில் ஒரு கோடு போட்டார். அவர் மகளும் இதே உயரம். ஸ்கீயை எடுத்துத் தரையில் வைத்தார். அழகான ஸ்கீ, கீறல் இல்லை. பெனிட்டா தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு முன்மூக்கை வைத்து மிதித்தாள், டப். குதிகாலை மிதித்தாள், டப். பழைய பைண்டிங் என்றால் பூட்ஸின் நீளத்துக்குத் தகுந்த மாதிரி குதிகால் பாகத்தை நகர்த்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு நூல்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இவளுக்கென்றே அளவெடுத்து வைத்தது மாதிரி உட்கார்ந்தது.

ஹில்டா அம்மா பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷம் விற்க வேண்டாம் என்றாராம் கணவர். இந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் தாள் ஒட்டினாராம். பூட்ஸை மட்டும் அவர் விடமாட்டார், குளிர்காலம் முழுக்க தினம் காலையில் உலர்த்தும் மெஷினைப் போடுவது அவர்தான், ஏன் என்று நான் கேட்பதில்லை என்றார். பிறகு ஸ்கீயின் தரத்தைச் சொல்கிறவர் மாதிரி, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: பனிச்சரிவில் புதைந்த மகளைத் தோண்டி எடுத்தபோது அவள் நின்றபடி இருந்தாள். ஸ்கீ இரண்டும் காலிலேயே இருந்தன. இரண்டுமே கழலவில்லை.

பெனிட்டா எனக்கு இதை மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

கடையில் அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூட்ஸைப் பூட்டிக்கொண்டு, காலை வேகமாகப் பக்கவாட்டில் முறுக்கினால் பைண்டிங் விட வேண்டும். இங்கே அதைச் செய்து பார்த்தாள். விடவில்லை. சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக முறுக்கினாள்.

"உட மாட்டேங்குது நைனா."

மூன்றாவது தடவை அவள் சிரிக்கவில்லை. சிமெண்டுத் தரையில், இரண்டு ஸ்கீக்கு மேலே, நகர முடியாமல் நின்றாள். ஹில்டா அம்மா கைகளைக் கோத்துக்கொண்டு, பார்த்தாயா, எப்படிப் பிடிக்கிறது என்றார்.

நான் குந்தி உட்கார்ந்து பைண்டிங்கைப் பார்த்தேன். படிப்பு வராத எனக்கு இரும்பு கொஞ்சம் வரும். குதிகால் பாகத்தில், பிடியைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ இருந்தது. பக்கத்தில் சின்ன ஜன்னலில் எண். பத்து. அதற்கு மேல் எண் இல்லை. இன்னொரு ஸ்கீயிலும் பத்து. ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சிவப்புப் பெயிண்டில் மெல்லிய ஒரு கோடு இழுத்திருந்தது. இரண்டிலும்.

எந்த ஸ்கீ கடையும் அப்படிக் கோடு போடாது. அது ஃபிட்டர் கை.

4

கும்மிடிப்பூண்டி மில்லில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது முனுசாமி அண்ணன். போல்ட்டை முழுசாக முறுக்கி முடித்த பிறகு போல்ட் தலைக்கும் மெஷின் உடம்புக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடச் சொல்வார். போல்ட் ஒரு மயிரளவு தளர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். "கோடு நேரா கீற வரிக்கும் நீ நிம்மதியா ஊட்டுக்குப் போடா அருளு" என்பார். எங்களுக்கு அதுதான் வேதம். கழன்ற போல்ட் ஆளைக் கொல்லும். இறுக்கின போல்ட் காப்பாற்றும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதை வேறு. மோட்டாரையும் கம்பி உருட்டுகிற ரோலையும் சேர்க்கிற இடத்தில் வேண்டுமென்றே பலவீனமான ஒரு பின் வைத்திருப்பார்கள். கம்பி சிக்கிக்கொண்டால் அந்தப் பின் முறிந்துவிடும். ரோல் நின்றுவிடும். மெஷினும் பிழைக்கும், பக்கத்தில் இருக்கிறவனும் பிழைப்பான். ஒரு மாதம் அது அடிக்கடி முறிந்தது. ஒவ்வொரு முறையும் கஜா என்கிற பையன் சூட்டுக்கு நடுவே உள்ளே போய்ப் புதுப் பின் போட வேண்டும். முனுசாமி அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பையன் என்றைக்காவது ரோலில் கையைப் பறிகொடுத்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பின் முறிவது நின்றுவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடினமான இரும்பில் தானே கடைந்து ஒரு பின்னைப் போட்டு, அதன்மேல் கோடும் போட்டிருந்தார் அண்ணன்.

அடுத்து கம்பி சிக்கியபோது பின் முறியவில்லை. அதைவிடப் பெரியது முறிந்தது. பறந்து வந்த துண்டு கஜாவின் மேல் விழுந்தது. அவன் பிழைக்கவில்லை.

விபத்து நடந்த மெஷினை எங்கள் மில்லில் உடனே வேலைக்கு விடமாட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பிறகு ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சும்மா ஓட்டுவார்கள். கம்பி விடாமல். நாங்கள் வேதக்காரர்கள், பூசணிக்காயில் எங்களுக்குப் பங்கில்லை, ஆனாலும் ஆட்கள் தாண்டக்கூடாது என்று தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லோரோடும் நின்றேன். தண்ணீர் கொட்டுகிறது, ரோல் சுற்றுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. கம்பி ஓடும்போது இருக்கிற சத்தம் வேறு. வெறும் ரோலின் சத்தம் யாரோ மூச்சை இழுத்து விடாமல் வைத்திருப்பது மாதிரி இருக்கும். எல்லோரும் ரோலைப் பார்த்தோம். முனுசாமி அண்ணன் மட்டும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. அது யார் போட்ட பின் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயால் சொன்னதில்லை.

5

நிலவறையில் நான் தலையைத் தூக்கியபோது பாய்லர் பக்கத்தில் நின்ற பெரியவர் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்காமலே ஹில்டா அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: இவர் கேபிள் கார் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டர். மகளின் ஸ்கீக்கு மெழுகு போடுவது, விளிம்பு தீட்டுவது எல்லாம் இவர்தான், கடைக்குக் கொடுக்க விடமாட்டார். கடைசியாகப் போனதற்கு முந்தின நாள்கூட இங்கேதான் உட்கார்ந்து எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தார். மகள் மேல் அவ்வளவு பயம் அவருக்கு.

அந்தப் பயம் எனக்குத் தெரியும். படிவத்தில் ஆறு கிலோ கூட்டி எழுதிய பயம்.

நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால் வேறு யாராவது நூற்றைம்பது யூரோ கொடுத்து, பத்தாம் எண்ணோடு, இதை மகளுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மா இனிமேல் அந்த மனிதரோடு எப்படி ஒரு வீட்டில் இருப்பார்? பெனிட்டாவோ ஸ்கீயில் பூட்டிக்கொண்டு நின்றபடி, இதையே எடுத்துக்கொள்ளலாம், கடையில் சரிசெய்துகொள்ளலாம் என்று என்னிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கோடு தெரியவில்லை.

பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நிமிர்ந்தபோது பக்கத்தில் இருந்தார். எண்ணெயும் பழைய கம்பளியும் கலந்த வாடை. நான் அந்த ஸ்க்ரூவைத் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ரொம்ப இறுக்கம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் குனிந்து முன்பக்க லீவரைக் கட்டைவிரலால் அமுக்கினார். பெனிட்டாவின் கால் விடுபட்டது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்க்ரூடிரைவர்களில் ஒன்றைப் பார்க்காமலே எடுத்தார். தரையில் உட்கார்ந்து, ஸ்கீயிலிருந்து பைண்டிங்கை ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றத் தொடங்கினார். ஸ்க்ரூ முதல் திருப்பில் கீச்சென்றது. ஹில்டா அம்மா, என்ன செய்கிறீர்கள், பைண்டிங்கோடுதானே விற்கிறோம் என்றார். பெரியவர், இது பழைய மாடல், இந்தப் பெண்ணுக்கு ஆகாது, ஸ்கீயை மட்டும் கொண்டுபோகட்டும் என்றார். நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்ன ரகசியம் பேசினீர்கள் என்று அந்த அம்மா சிரித்தார். இவரும் ஃபிட்டர் என்றார் அவர். நான் சொல்லவே இல்லை.

கழற்றிய பைண்டிங் இரண்டையும் தன் மேல்சட்டைப் பைகளில் போட்டுக்கொண்டார். பை கனத்துச் சட்டை முன்னால் தொங்கியது. அவர் மறுபடி பாய்லர் பக்கம் போய் நின்றுவிட்டார். ஸ்கீக்கு எண்பது யூரோ கொடுத்தோம்.

ஹில்டா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

6

ஸ்டெல்லாவிடம் பாதிதான் சொன்னேன். செத்துப்போன பெண்ணுடைய ஸ்கீ என்றதும் அவள் முகம் மாறியது. யார் யார் இருந்தார்கள் என்று கேட்டது அப்போதுதான். பிறகு, "நான் தெனம் செத்தவங்க கட்டில்லதான் புதுசா வரவங்கள படுக்க வெக்கறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்கீயை மாடிப்படியின் கீழே வைத்தாள்.

கடையில் புது பைண்டிங் பொருத்தினோம். பிரேக் உள்ள பின் பைண்டிங், ஐந்தரையில். மூன்று தவணை, முதல் தவணை நூற்றைம்பத்தாறு யூரோ கட்டிவிட்டேன். கடைக்காரர் ஐந்தரையை மெஷினில் வைத்து எனக்குக் காட்டினார், சொன்ன இடத்தில் விட்டது. எந்த நேரமும் விட்டுவிடத் தயாராக இருக்கிற ஒன்றை நம்பி மகளை அனுப்பப் போகிறேன் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெனிட்டாவும் மூன்று சிநேகிதர்களும் போனார்கள். சாலை முடிகிற இடம் வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டேன். மார்பில் கட்டியிருந்த பெட்டிகளை ஒருவருக்கொருவர் சோதித்துக்கொண்டார்கள். பனியில் புதைந்தால் சிக்னல் கொடுத்து இடம் காட்டுகிற பெட்டி. பிறகு மரங்களுக்குள் போய்விட்டார்கள். திரும்பி வீட்டுக்குப் போ என்று பெனிட்டா சொல்லியிருந்தாள். நான் போகவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூடுபனி இறங்கியது. எதிரே இருந்த மலை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் வந்துவிட்டது. சத்தம் என்று எதுவும் இல்லை. பனியில் சத்தம் எங்கே போகிறது என்று எனக்கு இன்னும் புரிந்ததில்லை. மதியத்துக்குப் பிறகு மேலே எங்கேயோ ஒரு 'கும்' கேட்டது. காதால் கேட்டது என்று சொல்ல முடியாது, காரின் சீட்டில் கேட்டது. வெளியே இறங்கி நின்றேன். மறுபடி ஒன்றுமே இல்லை. யாரிடம் போய் என்ன கேட்பது? ஜெர்மனில் எந்த வார்த்தையும் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிவப்புச் சட்டை வந்தது. பிறகு ஒரு பையன். பிறகு இன்னொரு பையன். மூன்று பேரும் ஸ்கீயைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல், வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களிடம் போகவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

பெனிட்டா கடைசியாக, மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தாள்.

மற்றவர்களை அவரவர் வீட்டில் இறக்கிய பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். அவள் எதையும் தானாக எனக்குத் தமிழில் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

"ஒரு எடத்துல சரிவ குறுக்கால தாண்டணும் நைனா. ஒவ்வொருத்தரா போவணும். மொதல்ல நான். கால தூக்குறேன், ஸ்கீ வரல. லெஃப்டு. தானா கழண்டுக்கிச்சி. நான் திரும்பக்கூட இல்ல, சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் சிரிச்சாங்க. உங்க நைனா கரெக்டா வாங்கிக் குடுத்துகிறாருன்னாங்க. நான் குந்திக்கினு பல்லுக்கு அடியில கீற ஐச சொரண்டிக்கினு இருந்தேன். அப்ப எதிர்ல கீற பனி போச்சி."

"போச்சின்னா இன்னா?"

"போச்சி. ஒரு வெடிப்பு ஓடிச்சி, அப்புறம் மொத்தமா கீழ போச்சி. நான் போயிருக்க வேண்டிய எடம்."

அடுத்த வளைவு தாண்டியது. பிறகு ரொம்பச் சாதாரணமாக, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற குரலில் சொன்னாள்:

"கழண்டது கழண்ட மாதிரி இல்ல நைனா. கீழ யாரோ குந்திக்கினு லீவர அமுக்கி உட்ட மாதிரி இருந்துச்சி."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் முழங்காலின் மேல் கை வைத்தேன். அவள் கையைத் தட்டிவிடவில்லை. வண்டியை எடு என்றும் சொல்லவில்லை.

7

திங்கட்கிழமை பெனிட்டாவே ஸ்கீயை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். நடந்ததில் பாதியை, பைண்டிங் தானாகக் கழன்றுகொண்டது என்கிற பாதியை மட்டும் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் இடது ஸ்கீயை மெஷினில் வைத்து இரண்டு மூன்று தரம் சோதித்தார். ஐந்தரையில் சரியாக விடுகிறது, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஏறும்போது முன்பல்லுக்கு அடியில் பனி இறுகி ஐஸ் ஆகிவிட்டால் பூட்டு முழுசாக மூடாது, அப்போது சும்மா நிற்கும்போதே கழலும், எல்லாப் பின் பைண்டிங்கிலும் நடக்கிறதுதான், மிதிப்பதற்கு முன்னால் ஒரு குச்சியால் சுரண்டிவிட வேண்டும் என்றார். அது சரியான காரணம். எனக்கும் புரிந்தது. பெனிட்டாவும் தலையாட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் இதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கட்டிய தவணையையும் தந்துவிடுகிறேன். நீங்கள் முதலில் கேட்ட மாதிரி, சட்டம் வைத்தது ஒன்று இருக்கிறது, லேசில் கழலாது, விலையும் குறைவு.

பெனிட்டா இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அந்த பைண்டிங்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று, வெறும் இரும்பாகத்தான் இருந்தது. வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். ஜெர்மனில் ஒரு தப்பும் இல்லாமல் வந்தது. அவர் கணினியில் ஏதோ தட்டிவிட்டு ரசீதை நீட்டினார். இன்னும் இரண்டு தவணை, பாக்கி முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ.